பழைய கார் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறதா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது 16 வருடப் பழைய பெட்ரோல் கார். இன்ஜெக்‌ஷன் இன்ஜின், மேனுவல் கியர், இதுவரை 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பு லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தது. கடந்த ஒரு வருடத்தில் குறைந்துகொண்டே வந்து இப்போது 10 கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. மெக்கானிக் ப்ளக், ஏர் ஃபில்டர் மாற்றினார், இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்தார். பலன் இல்லை. இப்போது ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்கி வேலை பார்க்கச் சொல்கிறார். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. காலையில் வண்டிப் பக்கம் போனால் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது. சைலன்சர் முனை கரி படிந்து கறுப்பாக இருக்கிறது. வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழே இறங்குகிறது, நெரிசலில் நின்றால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. சென்ற வருடம் டயர் மாற்றும்போது 175/65 ஆர்14 அளவுக்குப் பதில் 185/70 ஆர்14 போட்டேன். சென்சார் வாங்கவா, இன்ஜின் வேலை பார்க்கவா, இல்லை வண்டியை விற்றுவிடவா?

பதில்: வணக்கம். இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் முள் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மெக்கானிக்கிடம் சொன்னீர்களா? பழைய காரில் பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். முள் எங்கே நிற்கிறது, வாடை எப்போது வருகிறது, புகை என்ன நிறம் என்பதெல்லாம் வண்டியைத் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அரை மணி நேரம் பட்டறையில் நிற்கும் வண்டி அதையெல்லாம் காட்டிவிடாது.

முதலில் கணக்கு. 15 கி.மீ. 10 ஆனது என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். அதையே பெட்ரோல் பக்கமிருந்து பாருங்கள். 100 கி.மீ. ஓட 6.7 லிட்டர் எடுத்துக்கொண்ட வண்டி இப்போது 10 லிட்டர் எடுக்கிறது. ஒன்றரை மடங்கு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரே ஒரு கோளாறு உண்டாக்குவது குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்திருக்கும், அளவெடுப்பதிலும் கொஞ்சம் பிழை இருக்கும்.

அந்தப் பிழைகளில் ஒன்று உங்கள் டயர். பழைய அளவில் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 583 மி.மீ. நீங்கள் போட்டிருப்பது சுமார் 615 மி.மீ. ஏறக்குறைய 5 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே மீட்டரில் 100 கி.மீ. ஓடியதாகக் காட்டும்போது வண்டி உண்மையில் 105 கி.மீ. ஓடியிருக்கும். நீங்கள் 10 என்று நினைப்பது உண்மையில் 10.5. மீட்டரில் காட்டும் வேகமும் அதே அளவு குறைவாகத்தான் காட்டும், அதை மனதில் வைத்து ஓட்டுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது பழைய அளவுக்கே திரும்பிவிடுவது நல்லது. கனமான, அகலமான டயரைச் சுழற்ற இன்ஜினுக்கும் கொஞ்சம் கூடுதல் வேலைதான்.

நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்து அளந்தால் அது கணக்கே இல்லை. டேங்கை நிரப்புங்கள், பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்துங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி முதல் தடவை நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை போதாது. பம்ப் நிற்கும் இடம் தடவைக்குத் தடவை ஒரு லிட்டர்கூட மாறும். மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். பம்ப் நின்ற பிறகும் குலுக்கிக் குலுக்கி நிரப்புகிறவராக இருந்தால் அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா, அதாவது சார்கோல் கேனிஸ்டர், திரவப் பெட்ரோலால் நனைந்துவிடும். அப்புறம் வண்டியைச் சுற்றி வாடை வருவதும், கூடுதல் பெட்ரோல் ஆவி இன்ஜினுக்குள் போவதும் ஆரம்பிக்கும். உங்கள் காலை வாடைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் போடும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு இந்த ஒரு வருடத்தில் கூடியிருக்கிறதா? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பு என்றால் சுமார் 3 சதவீதம் மைலேஜ் குறையும், 20 சதவீதம் என்றால் சுமார் 6 முதல் 7 சதவீதம். இது வண்டியின் கோளாறு அல்ல. எந்த மெக்கானிக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் உண்மையான கோளாறு. அதைத் தேடும்போது நான் ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைப்பேன்: இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறதா, அல்லது சரியான அளவு போயும் அந்தச் சக்தி எங்கோ வீணாகிறதா? முதல் வகையில் சைலன்சர் கறுக்கும், ப்ளக் கறுக்கும், வாடை வரும். இரண்டாவது வகையில் அவையெல்லாம் சுத்தமாக இருக்கும், வண்டி மட்டும் கனமாக ஓடும். இந்தப் பிரிவைச் செய்யாமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் பணம்தான் கரையும். உங்கள் வண்டியின் அறிகுறிகள் முதல் வகையைத்தான் காட்டுகின்றன.

இப்போது அந்த முள்ளுக்கு வருகிறேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவது தெர்மோஸ்டாட்டின் வேலை. பெரும்பாலான கார்களில் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது திறக்க ஆரம்பிக்கும். அது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை அளவுக்கு மேல் குளிர்விக்கும், முள் இறங்கும். நெரிசலில் காற்று இல்லை, முள் ஏறும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. எப்போதோ ஒருமுறை இன்ஜின் அதிகமாகச் சூடேறியபோது யாரோ அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். வண்டி பழையதாகக் கைமாறி உங்களிடம் வந்ததென்றால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நல்லதே அல்ல. பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த உலோகத்தில் அது ஆவியாகாமல் ஈரமாகப் படியும். அதை ஈடுகட்ட, ஈசியூ என்கிற இன்ஜின் கணினி கூடுதலாகப் பெட்ரோலை விடும். சாதாரணமாக 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தில் வைத்திருக்கப் பார்க்கும் கணினி, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைக்கும் வரை பெட்ரோலைத் தூக்கலாகவே வைத்திருக்கும். ஐடில் வேகத்தையும் கூட்டி வைக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோலை முழுதாக நிறுத்தும் வசதி பல கார்களில் இன்ஜின் சூடான பிறகுதான் வேலை செய்யும். ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். போதாததற்கு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடுவதால் பிஸ்டன் ரிங்குகள் சீக்கிரம் தேயும். பெட்ரோல் செலவைவிட இதுதான் எனக்குக் கவலை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பழைய கார்களில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியூவுக்கு வேறொரு சென்சார். முள் சரியாகக் காட்டும்போதே ஈசியூவுக்குப் போகும் தகவல் தப்பாக இருக்கலாம். அதனால் ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் என்ற கருவியை மாட்டி, ஈசியூ என்ன டிகிரி என்று நினைக்கிறது என்பதை நேரடியாகப் படிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, வெளி வெப்பநிலைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகி நின்றால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. அடுத்து ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். எண் நிதானமாக ஏறி 80ஐத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போது 60, 65 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட்.

ஸ்கேனர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டருக்கு மேல் பக்கமாகப் போகும் தடித்த ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் பல நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, அப்புறம் சட்டென்று சூடாகும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தால் அது திறந்தபடி நிற்கிறது. கையையும் துணியையும் ஃபேன், பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹோஸில் கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தும் ஸ்கேனர் 55 டிகிரி என்று காட்டினால், அப்போது தெர்மோஸ்டாட் குற்றவாளி அல்ல, சென்சாரோ அதன் கனெக்டரோதான். கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுச் சென்சார் வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் மாற்றும்போது காரின் கையேட்டில் சொன்ன அதே டிகிரி உள்ளதைப் போடச் சொல்லுங்கள். குறைந்த டிகிரி உள்ளதைப் போட்டால் பழைய கதையேதான். கேஸ்கெட் அல்லது ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை யாரும் திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

"அப்படியென்றால் செக் இன்ஜின் விளக்கு ஏன் எரியவில்லை?" என்று கேட்பீர்கள். சென்சார் அறுந்துபோனாலோ, நடக்கவே முடியாத எண்ணைக் காட்டினாலோ, பெட்ரோல் திருத்தம் ஒரு எல்லையைத் தாண்டினாலோதான் இந்த மாதிரிக் கோளாறுகளுக்கு அந்த விளக்கு எரியும். 60 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்தான். பழைய கார்களில் பலவற்றுக்கு "இன்ஜின் ஏன் இன்னும் சூடாகவில்லை" என்று கேட்கும் அளவுக்குச் சோதனை கிடையாது. அதற்கு முன் விளக்கே உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் செய்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது பழைய உரிமையாளர் காலத்தில் யாராவது கழற்றியிருக்கிறார்கள்.

அடுத்து ஆக்ஸிஜன் சென்சார். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது அதுதான். உங்கள் மெக்கானிக் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. 1,40,000 கி.மீ. ஓடிய சென்சார் சோர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சோதிக்காமல் வாங்க வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்து, முன்பக்கச் சென்சாரின் வோல்டேஜை ஸ்கேனரில் வரைபடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வகைச் சென்சார் என்றால் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்தால் மேலே ஏறி, விட்டதும் கீழே விழ வேண்டும். இரண்டு பக்கமும் சுறுசுறுப்பாகப் போய்வந்தால் அதை விட்டுவிடுங்கள். அசைவே இல்லாமல் நின்றாலோ, மந்தமாக ஊர்ந்தாலோ மாற்றுங்கள்.

கீழேயே நிற்கிறது என்றாலும் உடனே சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் ஆக்ஸிஜன் மட்டும்தான், பெட்ரோல் தெரியாது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். ஒரு சிலிண்டரில் ப்ளக் அடிக்காமல் போனால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும். இரண்டிலும் சென்சார், "ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். ஈசியூவும் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். புதுச் சென்சாரும் இதையேதான் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை முதலில் பாருங்கள்.

ஸ்கேனர் மாட்டியிருக்கும்போதே இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் என்று இருக்கும். தன் கணக்கிலிருந்து ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. பொதுவாக 10 சதவீதம் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருந்தால் பரவாயில்லை. மைனஸ் 15, மைனஸ் 20 என்று இருந்தால், எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, ஈசியூ அதைக் குறைக்கப் போராடுகிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியவை ஒழுகும் இன்ஜெக்டர், அதிகப்படியான ஃபியூயல் பிரஷர், பிரஷர் ரெகுலேட்டரின் கிழிந்த டயஃப்ரம், கரி டப்பாவிலிருந்து ஆவியை இன்ஜினுக்குள் விடும், மூடாமல் நிற்கும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு. ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கும் வகை என்றால் சோதனை சுலபம். அதற்குப் போகும் மெல்லிய வேக்வம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டர் போய்விட்டது. மாறாக, ட்ரிம் பிளஸ்ஸில் ஏறி நிற்கிறது, ஆனால் ப்ளக்குகள் கரியாக இருக்கின்றன என்றால், ஈசியூ ஏமாற்றப்படுகிறது. மேலே சொன்ன எக்ஸாஸ்ட் கசிவு, ப்ளக் அடிக்காதது, கெட்ட ஆக்ஸிஜன் சென்சார் என்ற மூன்றில் ஒன்றுதான். எண்ணை மட்டும் பார்க்காமல் ப்ளக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ப்ளக்குகளைக் கழற்றும்போது எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி காய்ந்த கரி பூசியிருந்தால் காரணம் நான்குக்கும் பொதுவானது: வெப்பநிலைச் சென்சார், ஆக்ஸிஜன் சென்சார், ரெகுலேட்டர், காற்றை அளக்கும் மேப் அல்லது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், அல்லது மேப் சென்சாருக்குப் போகும் வெடித்த ஹோஸ். ஒன்று மட்டும் கறுப்பு, மற்ற மூன்றும் இளம் பழுப்பு என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். அங்கே இருக்கும் இன்ஜெக்டர், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், கம்ப்ரஷன் அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், மூன்றையும் பாருங்கள். புது ப்ளக் போட்ட பிறகு சில நூறு கி.மீ. ஓடியிருப்பீர்கள் அல்லவா? அவை இந்நேரம் உண்மையைச் சொல்லும்.

ஏர் ஃபில்டர் மாற்றியும் பலன் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம், எதிர்பார்க்க வேண்டியதுதான். உள்ளே வரும் காற்றின் அளவுக்கு ஏற்றபடிதான் ஈசியூ பெட்ரோலை விடுகிறது. அடைத்த ஃபில்டரால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ல் வெளியிட்ட சோதனை முடிவும் இதையேதான் சொன்னது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்குத்தான் அந்தப் பழைய அறிவுரை பொருந்தும்.

வாடையைத் தள்ளிப்போடாதீர்கள். மைலேஜை விட்டுவிட்டாலும் இதை விட முடியாது, தீப்பிடிக்கும் விஷயம். கேனிஸ்டரால் வருகிறதா, உண்மையிலேயே பெட்ரோல் ஒழுகுகிறதா என்பது இந்த வாரமே தெரிந்தாக வேண்டும். டேங்கிலிருந்து இன்ஜின் வரை வரும் குழாய், அதிலும் வளைகிற இடங்களில் இருக்கும் ரப்பர் ஹோஸ்கள், ஃபில்டரின் இரண்டு முனைகள், டேங்கின் மேலே பம்ப் உட்காரும் சீல், இன்ஜெக்டர்களின் மேல் முனையில் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 16 வருட ரப்பர் விறைத்து, வளைத்தால் வெடிப்பு தெரியும். அப்படி ஒன்று இருந்தால் கசிகிறதோ இல்லையோ மாற்றிவிடுங்கள். பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ்தான் வேண்டும், தண்ணீர் ஹோஸ் போடக் கூடாது. ஈரம் கண்ணில் பட்டால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

இனி இரண்டாவது வகை, சக்தி வீணாவது. உங்கள் வண்டியில் இது பிரதானமாக இருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் செலவே இல்லாத சோதனைகள் என்பதால் செய்துவிடுங்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். அப்படியானால் 5 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டினால் 1 சதவீதம். டயர் தேய்மானத்துக்காக அதைச் சரியாக வைக்க வேண்டும், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது விடை அல்ல.

பிரேக் அப்படியல்ல. ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் நன்றாகவே வீணாகும், டிரைவருக்கு வண்டி கொஞ்சம் மந்தம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. காலி சாலையில் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, கியரிலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். சமதரையில் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்தாலும் தெரியும். லேசான உரசல் சத்தம் இருக்கலாம், கையால் சுற்றக் கஷ்டமாக இருக்கக் கூடாது. பட்டறையில் இன்னொரு படி போகலாம். பிடித்திருக்கும் காலிப்பரின் ப்ளீடர் நட்டைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் பிரஷர் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஊதிப்போன பிரேக் ஹோஸையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, அது நகரும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது. பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதை ஓட்டும்போதே தெரிந்துகொள்ளலாம். டாப் கியரில் நடு வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். பாய்ந்து ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

இன்ஜினை இறக்கச் சொன்னவர் கம்ப்ரஷன் பார்த்தாரா? பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை இப்போதே நிறுத்திவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ப்ளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் கேஜில் அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்து, நான்குக்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் இன்ஜினைத் தொட வேண்டாம். ஒன்று குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறவில்லை என்றால் வால்வு. வால்வு என்றால் கிளியரன்ஸ் சரிசெய்தாலே தீரக்கூடும். நீலப் புகை இல்லை, ஆயிலும் குறைவதில்லை என்றால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்பதை நான் நம்ப மாட்டேன். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் மைலேஜ் விழ ஆரம்பித்ததா என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் வண்டி ஓடும், ஆனால் இழுவையும் மைலேஜும் போய்விடும்.

பெட்ரோலில் கலக்கும் மைலேஜ் மருந்து, குழாயில் மாட்டும் காந்தம் இவற்றை யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுவரை 100க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சாதனங்களைப் பரிசோதித்திருக்கிறது. சொன்னபடி மைலேஜ் கூட்டித் தந்தது எதுவும் இல்லை என்றே சொல்லலாம். நியூட்ரலில் இறக்கத்தில் உருள விடும் பழக்கமும் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் உருளும்போதுதான் பெட்ரோலை முழுதாக நிறுத்தும், நியூட்ரலில் ஐடிலுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும். ஆபத்தும் அதிகம்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த வாரமே பெட்ரோல் வாடையின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். கூடவே ஸ்கேனரில் வெப்பநிலை, ட்ரிம், ஆக்ஸிஜன் சென்சார் வரைபடம் மூன்றையும் பார்த்து எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். அதை மாற்றிவிட்டு மறுபடி அதே எண்களைப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று பாகம் மாற்ற விடாதீர்கள். எது சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது.

கோளாறு தீர்ந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், மாற்ற வேண்டிய கெடு இன்னும் வரவில்லை என்றாலும். இவ்வளவு நாள் தூக்கலாக ஓடிய இன்ஜினில் பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் வாடை தெரியும், சில வண்டிகளில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. போடும்போது கையேட்டில் சொன்ன கிரேடையே போடுங்கள், பழைய இன்ஜின் என்று கெட்டியான ஆயிலுக்கு மாற வேண்டாம். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நீண்ட நாள் கரி பாய்ந்து அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போது பார்க்கச் சொல்லுங்கள். அதிக ஆர்.பி.எம்.மில் வண்டி மூச்சு முட்டுவது போல் திணறினால் அதுவாக இருக்கலாம்.

ஈசியூ தன் பழைய திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் ஓட வேண்டும். முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த மூன்று டேங்கின் சராசரியைப் பாருங்கள், டயருக்காக 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 13க்கு மேல் வந்துவிட்டால் வண்டியை விற்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். 12ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் ட்ரிம் எண்கள், நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன், ப்ளக்குகளின் நிறம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அதை வைத்து மேலே பார்க்கலாம்.